தரையில் புதைப்பதா, மேலிருந்து இறக்குவதா? வீட்டுச் சுடுநீர், குளிர்நீர்ப் பைப்புகள்

கேள்வி: ஐயா, கோலாலம்பூர் ஸ்தாப்பாக்கில் எங்களுக்கு இரட்டை மாடி தெரஸ் வீடு இருக்கிறது. பழைய இரும்புப் பைப்புகள் துருப்பிடித்துவிட்டன, எல்லாவற்றையும் மாற்றப் போகிறோம். கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு ஓர் அறையும் குளியலறையும் கட்டுகிறோம். பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறோம். கூரைமேல் 300 லிட்டர் சோலார் ஹீட்டர் வருகிறது. டைலை எப்படியும் பெயர்க்கிறோம், இரண்டு பைப்பையும் தரையை வெட்டிப் புதைத்துவிட்டால் வேலை சுருக்கமாக முடியும் என்கிறார் கொன்ட்ராக்டர். கனடாவில் இருக்கும் என் தம்பியின் வீட்டில் அஸ்திவாரத்துக்கு அடியில் நுரைப் பலகை போட்டு அதற்கு மேல்தான் பைப்புகள் ஓடுகின்றனவாம். நாங்களும் அப்படிச் செய்தால் சூடு வீணாகாது என்று வரைபடம் அனுப்பியிருக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? — ஸ்தாப்பாக் வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, இந்த இரண்டு யோசனையும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பைப்புகள் சீலிங்குக்கு மேலே ஓடி, வேண்டிய இடத்தில் சுவர் வழியாக நேராகக் கீழே இறங்கட்டும். தரைக்குள் ஒரு ஒட்டுகூட இருக்கக் கூடாது.

உங்கள் தம்பி சொல்வது அவருடைய ஊருக்குச் சரிதான். டொரோண்டோ பக்கம் குளிர்காலத்தில் மண் 1.2 மீட்டர் ஆழம் வரை உறையும் என்று வைத்துக்கொண்டுதான் அஸ்திவாரம் போடுகிறார்கள். பைப்பில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் விரிந்து பைப்பைப் பிளந்துவிடும். அதனால் தெருவிலிருந்து வரும் பைப் அந்த ஆழத்துக்குக் கீழேயே வந்து, நுரைப் பலகையால் மூடப்பட்ட பகுதிக்குள் நுழைந்த பிறகுதான் மேலே ஏறும். அடியிலும் ஓரத்திலும் இருக்கும் பலகை தரையை அறையின் வெப்பத்திலேயே வைத்திருப்பதால், அதற்கு மேலே ஓடும் பைப்புக்கு ஆபத்து இல்லை. அங்கே குளிர்ச்சி ஏறும் இடம் வெளிச்சுவர். அதைத் தவிர்க்கத்தான் தரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியும் தரைக்குள் நடுவில் ஒட்டில்லாத ஒரே நீளப் பைப்பாகத்தான் போடுவார்கள்.

நம் மண்ணோ ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரியில் இருக்கிறது. உறைபனி இல்லாத ஊரில் அந்த ஏற்பாட்டின் பயன் நமக்குக் கிடைக்காது, சிக்கல் மட்டும் மிஞ்சும். அதில் முதல் சிக்கல் கறையான். நிலத்தடிக் கறையான் பாலிஸ்டைரீன் நுரையைத் தின்பதில்லை. ஆனால் அதற்குள் குடைந்து வழி செய்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் ஏறும். அமெரிக்காவில் கறையான் மிக அதிகமுள்ள தென்பகுதிகளில் மண்ணுக்குள் நுரைப் பலகை வைப்பதைக் கட்டட விதிகளே கட்டுப்படுத்துகின்றன. கட்டி முடித்த பழைய வீட்டின் தரைக்கு அடியில் இப்போது பலகையைச் செருகவும் முடியாது.

இனி உங்கள் கொன்ட்ராக்டரின் யோசனை. தெரஸ் வீடுகளின் கீழ்த்தளக் கான்கிரீட் பொதுவாக 100 முதல் 125 மி.மீ. கனம்தான். 20 மி.மீ. சுடுநீர்ப் பைப்புக்கு 13 மி.மீ. ரப்பர் நுரை உறை போட்டால் மொத்த விட்டம் 46 மி.மீ. ஆகிவிடும். அதற்குப் பள்ளம் வெட்டினால் கான்கிரீட்டின் கனத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், உள்ளே இருக்கும் பிஆர்சி கம்பி வலையும் அறுபடும். உறையே இல்லாமல் புதைத்தால் பைப்பின் சூட்டைக் கான்கிரீட் உறிஞ்சிவிடும். காற்றில் தொங்கும் பைப்பைவிடக் கான்கிரீட்டில் புதைந்த பைப் வெகு வேகமாக ஆறும். மேல்மாடித் தரையை வெட்டும் பேச்சையே எடுக்க விடாதீர்கள். அது வீட்டைத் தாங்கும் கான்கிரீட்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ட்ரில்தான். என்றாவது ஒருநாள் நிலைச்சட்டத்தில் கறையான் மண் தெரியும், நீங்கள் பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுவீர்கள். அவர் சுவரை ஒட்டித் தரையில் ஏறத்தாழ அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு அடிமண்ணுக்கு மருந்து செலுத்துவார். தரையில் பைப் புதைப்பவர்களும் சுவரை ஒட்டித்தான் புதைப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பைப்பில் ஓட்டை விழும். அது சுடுநீர்ப் பைப்பாக இருந்து, அந்த நேரத்தில் பம்ப் ஓடாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் அடிமண்ணுக்குள்தான் போகும். தரையில் ஓரிடம் வெதுவெதுப்பாக இருப்பதையோ, யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் தானாக ஓடி ஓடி நிற்பதையோ கவனிக்க மாதங்கள் ஆகலாம். அதே கசிவு சீலிங்குக்கு மேலே நேர்ந்திருந்தால் சில நாட்களுக்குள் பழுப்புக் கறை காட்டிக்கொடுத்திருக்கும்.

சமையலறை நீட்டிப்பில் இன்னொரு தொல்லை இருக்கிறது. பழைய வீட்டின் அஸ்திவாரம் வேறு, நீட்டிய பகுதியின் அஸ்திவாரம் வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்கள் பழைய வெள்ளீயச் சுரங்க நிலம், கடற்கரைப் பக்கம் இளகிய களிமண். புதிய பகுதி சில மில்லிமீட்டர் இறங்குவது சாதாரணம். பின்பக்க நீட்டிப்பு பழைய சுவரோடு சேரும் இடத்தில் நெட்டாக விரிசல் விழுந்த வீடுகளை உங்கள் வரிசையிலேயே பார்க்கலாம். அந்த எல்லையைத் தாண்டித் தரைக்குள் விறைப்பாகக் கிடக்கும் பைப் அதே இடத்தில் முறியும். சீலிங் வழியாகத் தாண்டும்போது அங்கே பைப்பைப் பக்கவாட்டில் ஒருமுறை மடக்கித் திருப்பி, இருபுறமும் அரை மீட்டருக்குப் பிடிப்பு அடிக்காமல் விட்டால் அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். சுவரைத் துளைக்கும் இடத்தில் பைப்பைவிடப் பெரிய பிவிசி உறைக்குழாய் வையுங்கள், சிமெண்டு நேராகப் பைப்பைப் பிடிக்கக் கூடாது.

பாதையை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். கூரைக்குள் இருக்கும் தண்ணீர் டேங்கிலிருந்து பம்ப். பம்பைத் தாண்டியதும் ஒரு கிளை சோலார் ஹீட்டருக்கு, ஒரு கிளை குளிர்நீருக்கு. இரண்டும் மேல்மாடிச் சீலிங்குக்கு மேலே ஓடி, மாடிக் குளியலறைகளுக்கு உட்சுவர் வழியாக இறங்கும். அம்மாவின் குளியலறை மாடிக் குளியலறைக்கு நேர் கீழே அமைந்தால் மிக நல்லது. அதே கோட்டில் கான்கிரீட்டில் ஒரு துளை போட்டு, உறைக்குழாய் வைத்து நேராக இறக்கிவிடலாம். துளை போடும் இடத்தில் கம்பி ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பீமையும் தூணையும் தொடவே கூடாது. வரைபடத்தை இன்னும் மாற்ற முடியும் என்றால், இதற்காக அம்மாவின் குளியலறையை ஒரு மீட்டர் நகர்த்துவதுகூடத் தகும்.

பம்ப் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். டேங்கின் அடிப்பகுதி மாடி ஷவருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால் 0.15 பார், மழை ஷவருக்கு அது காணாது. அதோடு சோலார் ஹீட்டர் கூரைமேல் உட்காருகிறது, டேங்க் கூரைக்குள் இருக்கிறது. தன்னைவிட உயரத்தில் இருக்கும் ஹீட்டரை டேங்க் தானாக நிரப்பாது. ஆகவே பம்ப் வேண்டும், அது டேங்கிற்குப் பிறகுதான் வர வேண்டும். தெருப்பக்கத் தண்ணீர் மீட்டரிலிருந்து வரும் பைப்பில் நேரடியாகப் பம்ப் வைத்து உறிஞ்சுவது சட்டவிரோதம். சுடுநீர், குளிர்நீர் இரண்டும் ஒரே பம்பிலிருந்து வரட்டும். ஒன்றுக்கு மட்டும் பம்ப் வைத்தால் அழுத்தம் கூடிய பக்கம், இரண்டும் கலக்கும் மிக்ஸர் குழாயில் மற்றதைத் தள்ளிவிடும். ஷவர் ஒரு நொடி கொதிக்கும், மறு நொடி குளிரும்.

சமையலறைச் சிங்க்கிற்குச் சோலாரிலிருந்து பைப் இழுக்க வேண்டாம். கூரையிலிருந்து அது 14 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. பிபிஆர் (சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக்) பைப்பின் உள்விட்டம் 16.6 மி.மீ., மீட்டருக்கு 0.216 லிட்டர் தண்ணீர் நிற்கும். 14 மீட்டருக்கு 3 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் வரும் குழாயில் சூடு வந்து சேர முக்கால் நிமிடம், பைப்பே சூடாக எடுக்கும் நேரம் அதற்கு மேல். இரண்டு தட்டு கழுவ ஒவ்வொரு முறையும் 3 லிட்டரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழாயை மூடியதும் இன்னொரு 3 லிட்டர் சுடுநீர் பைப்பிலேயே ஆறும். இது ஒருபுறம். சமையலறைக் குளிர்நீர் குடிப்பதற்கு என்பதால் டேங்கிற்குப் போகாமல் மீட்டரிலிருந்து நேராக வருவது நம் வழக்கம். அதை மாற்றாதீர்கள். சுடுநீர் பம்பிலிருந்தும் குளிர்நீர் நேர்ப்பைப்பிலிருந்தும் வந்தால் மேலே சொன்ன அதே இழுபறிதான். சிங்க்கிற்கு அடியில் 10 அல்லது 15 லிட்டர் சிறு ஹீட்டர் வைத்து, அதே நேர்ப்பைப்பிலிருந்து அதற்குத் தண்ணீர் கொடுங்கள். இரு பக்கமும் ஒரே அழுத்தம், காத்திருப்பும் இல்லை. அதனுடன் வரும் பாதுகாப்பு வால்வைக் கழற்றி எறிய விடாதீர்கள்.

குளியலறைகளுக்குப் பிரதான பைப் 25 மி.மீ., ஒவ்வொரு குழாய்க்கும் பிரியும் கிளை 20 மி.மீ. போதும். பம்ப் இருக்கும்போது சுடுநீரை 32 மி.மீ. ஆக்குவது அழுத்தத்தைக் கூட்டாது, காத்திருக்கும் நேரத்தைத்தான் கூட்டும். பிபிஆர் அளவுகள் வெளிவிட்டத்தைச் சொல்பவை. 20 மி.மீ. என்று விற்கும் சுடுநீர்ப் பைப்பின் உள்ளே 13 மி.மீ.தான் வழி என்பதைக் கணக்கு போடும்போது மறக்க வேண்டாம்.

சுடுநீருக்கு பிஎன் 20 என்று அச்சிட்ட பிபிஆர் வாங்குங்கள், நடுவில் கண்ணாடி நார் அடுக்கு உள்ள ரகம் கிடைத்தால் அதுவே நல்லது. பைப்பிலும் இணைப்புகளிலும் ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) ஒப்புதல் இருக்க வேண்டும், பிளம்பருக்கும் ஸ்பான் உரிமம் வேண்டும். சாதாரண பிபிஆர் சூட்டில் நிறைய நீளும். ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.15 மி.மீ. என்றால், சீலிங்கில் ஓடும் 8 மீட்டர் பைப் 28 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்கு ஏறும்போது 36 மி.மீ. நீளும். இடம் கொடுக்காமல் இருபுறமும் இறுகக் கட்டினால் அந்த நீட்சி, பைப்பைத் திருப்பும் எல்போ இணைப்பைத் தள்ளும், தினமும் தள்ளும். பைப் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் 60 முதல் 90 செ.மீ. வரை பிடிப்பு அடிக்காமல் விடுங்கள். மற்ற இடங்களில் 60 செ.மீ.க்கு ஒன்றாகப் பிடிப்பு வேண்டும், அதில் பைப் வழுக்கிப் போக முடிய வேண்டும். கண்ணாடி நார் ரகத்தில் நீட்சி இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

சோலாரிலிருந்து வெளிவரும் முதல் இரண்டு மீட்டருக்கு மட்டும் பிபிஆர் கூடாது, செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பைப் போடுங்கள். யாரும் வீட்டில் இல்லாமல் வெயில் கொளுத்தும் நாட்களில் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டலாம். 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் பிபிஆரின் ஆயுள் குறையும், வெயிலில் கிடந்தால் நொறுங்கும். அந்த உலோகப் பைப்பின் முடிவில் குளிர்நீரைச் சேர்க்கும் ஒரு கலப்பு வால்வு வைத்து 50 டிகிரிக்குக் குறைத்துவிட்டால் வீட்டுக்குள் ஓடும் பைப் முழுவதும் பத்திரம். ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து வெளியேறும் குழாயும் உலோகமாக இருக்கட்டும். அது வெளியே யார்மேலும் படாத இடத்தில் முடிய வேண்டும். அதன் வழியில் எந்த வால்வும் கூடாது.

அதே நேரத்தில் சோலார் டேங்கின் உள்ளே தண்ணீர் 60 டிகிரிக்காவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர இடமாகும். மழைக்கால நாட்களுக்கு மின்சார பூஸ்டரை அந்த அளவில் வையுங்கள். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே நொடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். வயதானவர்களின் தோல் மெலிது, கையை இழுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு நேரமாகும். அம்மாவின் குளியலறையில் தெர்மோஸ்டாட் மிக்ஸர் வைத்து, அதிகபட்சம் 43 டிகிரியில் பூட்டிவிடுங்கள். வாங்கும் முன் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். பல மிக்ஸர்கள் 0.5 பாருக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. இவ்வளவு சிரமம் வேண்டாம் என்று தோன்றினால், அம்மாவுக்கு மட்டும் வழக்கமான 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டரும் போதும். 28 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றி நிமிடத்துக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல் கொடுக்கும், குளிர்நீர்ப் பைப் ஒன்றே தேவை.

இரண்டு பைப்பும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது சுடுநீர் மேலே, குளிர்நீர் கீழே. சுடுநீருக்கு நுரை உறை முழு நீளத்துக்கும் வேண்டும், எல்போவையும் மூவழி டீ இணைப்பையும் விட்டுவிடாமல்; சுவருக்குள் 9 மி.மீ., மற்ற இடங்களில் 13 மி.மீ. கூரைக்கு வெளியே தெரியும் உறைக்கு மேல் அலுமினியத் தகடு சுற்றுங்கள், வெயிலில் ரப்பர் நுரை பொடிந்துவிடும். குளிர்நீர்ப் பைப் வியர்க்குமோ என்று பயப்பட வேண்டாம், நம் குழாய்த் தண்ணீர் அந்த அளவு குளிர்ச்சி இல்லை. ஆனால் மதியம் கூரைக்குள் 40 டிகிரிக்கு மேல் ஏறும், அங்கே ஓடும் குளிர்நீர்ப் பைப்புக்கு உறை போட்டால் மாலையில் குழாயைத் திறந்ததும் சுடுவது குறையும்.

சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டுவதற்கு ஓர் அளவு இருக்கிறது. நெட்டுக்காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடைக்காடி ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகக் கூடாது. 115 மி.மீ. செங்கல் சுவரில் நெட்டுக்கு 38 மி.மீ. கிடைக்கும். 20 மி.மீ. பைப்பும் 9 மி.மீ. உறையும் சேர்ந்தால் சரியாக 38. கிடையாக 19 மி.மீ.தான், பைப்பே அடங்காது. கிடையாக ஓடுவதெல்லாம் சீலிங்குக்கு மேலே ஓட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் காடி வெட்டவே வேண்டாம். மிக்ஸருக்குச் சுடுநீர் இடது, குளிர்நீர் வலது, இரண்டுக்கும் நடுவே 150 மி.மீ. மரை எல்போக்கள் ஒரே மட்டத்திலும், டைல் ஒட்டிய பின் அதன் முகத்தோடு சமமாகவும் நிற்க வேண்டும். டைலின் கனத்தைப் பிளம்பருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு குளியலறைக்கும் இரண்டு ஸ்டாப் வால்வு வைத்து, அவற்றுக்கு நேராகச் சீலிங்கில் கை நுழையும் திறப்பு விடுங்கள்.

பிபிஆர் கெடுவது பெரும்பாலும் ஒட்டில்தான். வேலை தொடங்கும் நாளில் பிளம்பரிடம் துண்டுப் பைப்பில் ஓர் ஒட்டு போடச் சொல்லி, ஆறியதும் நீளவாக்கில் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளியே பைப்பைச் சுற்றி இரட்டை வளையமாக உருகிய விளிம்பு சீராக இருக்க வேண்டும். உள்ளே அறுத்த முகத்தில் பைப்பும் இணைப்பும் எங்கே பிரிகின்றன என்று கோடே தெரியக் கூடாது. வழியின் ஓரத்தில் மெல்லிய விளிம்பு இருக்கலாம். ஆனால் 13 மி.மீ. வழி 8, 9 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தால் அவர் அதிகம் சூடாக்குகிறார் அல்லது அதிகம் தள்ளுகிறார். மெஷின் 260 டிகிரி, 20 மி.மீ.க்கு 5 நொடி, 25 மி.மீ.க்கு 7 நொடி, செருக வேண்டிய ஆழம் முறையே 14.5, 16 மி.மீ. பென்சிலால் குறித்துக்கொண்டு செருக வேண்டும், சுழற்றக் கூடாது, 2 நிமிடம் அசைக்கக் கூடாது. பழைய பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டும்போது ஒட்டினால் நீராவி உள்ளே குமிழியிட்டு ஊசித்துளை விழும். அது பல மாதம் கழித்துத்தான் கசியத் தொடங்கும்.

பூச்சு பூசும் முன் அழுத்தச் சோதனை கட்டாயம். கடைசி ஒட்டு போட்டு ஒருநாள் விட்டு, ஹீட்டரையும் மிக்ஸர்களையும் இணைக்காமல் முனைகளை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுக் கைப்பம்பால் 10 பாருக்கு ஏற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பைப் அழுத்தத்தில் சற்று விரியும், முதல் அரை மணியில் முள் இறங்குவது இயல்பு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். அதன் பிறகு 2 மணி நேரத்தில் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை நீட்டி வைத்துப் படம் எடுங்கள், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பைப் எத்தனை செ.மீ. என்று படத்தில் தெரிய வேண்டும்.

பிறகு அழுத்தத்தை 3 பாருக்குக் குறைத்து, மானியைக் கழற்றாமல் அப்படியே விட்டுவையுங்கள். டைல் ஒட்டுபவர், கண்ணாடி மாட்டுபவர், ஏர்கான் பொருத்துபவர் எல்லோரும் ட்ரில்லோடு வருவார்கள். காலையிலும் மாலையிலும் முள்ளைப் பார்த்துவந்தால், யாராவது பைப்பைத் துளைத்தால் அன்றே தெரிந்துவிடும். எந்த டைலை எடுக்க வேண்டும் என்பதும் அப்போது தெரிந்திருக்கும்.